நகரம் போட்ட சட்டத்தை மாநிலம் ரத்து செய்யலாமா? அமெரிக்க உள்ளாட்சி அதிகாரச் சர்ச்சையின் பின்னணி

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள பர்மிங்ஹாம் நகர மன்றம், தனது எல்லைக்குள் பணிபுரியும் தொழிலாளர்களின் குறைந்தபட்ச ஊதியத்தை மணிக்கு 10.10 டாலராக உயர்த்தி 2016-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் சட்டம் இயற்றியது. அலபாமா மாநிலத்துக்கெனத் தனியாகக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் கிடையாது. நாடு முழுமைக்கும் கூட்டாட்சி அரசு 2009-ஆம் ஆண்டு நிர்ணயித்த 7.25 டாலரே அங்கும் நடைமுறையில் இருந்தது. உணவகங்களிலும் கடைகளிலும் பணியாற்றுவோர் எதிர்பார்த்திருந்த அந்த உயர்வு நிலைக்கவில்லை. எந்த நகரமும் தனக்கெனக் குறைந்தபட்ச ஊதியத்தை நிர்ணயிக்கக் கூடாது என்ற மசோதாவை மாநில சட்டமன்றம் அவசர அவசரமாக நிறைவேற்ற, அதே மாதம் 25-ஆம் தேதி ஆளுநர் அதில் கையொப்பமிட்டார். நகரின் சட்டம் செல்லாததாயிற்று.

கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் நகரின் முடிவை, வெள்ளையினத்தவர் பெரும்பான்மையாக உள்ள சட்டமன்றம் முறியடித்தது இனப் பாகுபாடு எனக் கூறித் தொழிலாளர்கள் கூட்டாட்சி நீதிமன்றத்தை நாடினர். 2018-ஆம் ஆண்டு மேல்முறையீட்டு அமர்வு ஒன்று வழக்கைத் தொடர அனுமதித்தது. ஆனால் 2019-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அதே நீதிமன்றத்தின் முழு அமர்வு அதைத் தள்ளுபடி செய்தது. தொழிலாளர்களின் ஊதிய இழப்புக்கும் பிரதிவாதியாகச் சேர்க்கப்பட்ட மாநில அட்டர்னி ஜெனரலுக்கும் நேரடித் தொடர்பு காட்டப்படவில்லை என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். பாகுபாடு இருந்ததா இல்லையா என்ற மையக் கேள்வி விசாரணைக்கே வரவில்லை.

இவ்வாறு மாநிலச் சட்டம் உள்ளூர்ச் சட்டத்தை விஞ்சி நின்று அதைச் செயலிழக்கச் செய்வதை அமெரிக்க சட்ட வழக்கில் 'பிரீயெம்ப்ஷன்' என்கின்றனர். கடந்த பத்து, பதினைந்து ஆண்டுகளில் ஊதியம், குடிநீர், வீட்டுவசதி, காவல்துறை, குடியேற்றம் என ஏறத்தாழ எல்லாத் துறைகளிலும் மாநிலங்களுக்கும் நகரங்களுக்கும் இடையே நடந்துவரும் இழுபறிக்கு இதுவே அடிப்படை.

அரசியல் சாசனத்தில் இல்லாத சொல்

அமெரிக்காவில் உள்ள உள்ளாட்சி அமைப்புகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 90,000. நகரங்கள், கவுண்டி எனப்படும் மாவட்ட அளவிலான நிர்வாகங்கள், தனி வரி விதிக்கும் பள்ளி மாவட்டங்கள், குடிநீருக்கும் தீயணைப்புக்கும் தனித்தனியே அமைந்த சிறப்பு மாவட்டங்கள் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். ஒரே வீட்டின் உரிமையாளர் ஒரே சமயத்தில் நான்கைந்து உள்ளாட்சி அமைப்புகளுக்கு வரி செலுத்துவது அங்கு வியப்புக்குரியதன்று.

இத்தனை அமைப்புகள் இருந்தும், அந்நாட்டு அரசியல் சாசனத்தில் உள்ளாட்சி குறித்து ஒரு சொல்கூட இல்லை. கூட்டாட்சி அரசுக்கு வழங்கப்படாத அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை என்று பத்தாவது திருத்தம் கூறுகிறது. ஆகவே நகரங்கள் மாநிலங்களின் படைப்பு என்ற நிலைப்பாடு உருவானது. அயோவா மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி ஜான் ஃபாரஸ்ட் டில்லன் 1868-ஆம் ஆண்டு வழங்கிய தீர்ப்பே இதற்கு மூலம். மாநிலம் வெளிப்படையாக வழங்கிய அதிகாரங்களும், அவற்றிலிருந்து தவிர்க்க முடியாமல் பெறப்படுபவையும் மட்டுமே நகரத்துக்கு உண்டு. ஐயம் எழுந்தால் நகரத்துக்கு எதிராகவே முடிவெடுக்க வேண்டும் என்ற இந்தக் கோட்பாடு 'டில்லன் விதி' என்று இன்றும் அழைக்கப்படுகிறது.

இதற்கு நேர்மாறான குரலும் அக்காலத்திலேயே எழுந்தது. உள்ளாட்சி என்பது மக்களின் பிறப்புரிமை, அதை மாநிலம் பறிக்க இயலாது என மிச்சிகன் உச்ச நீதிமன்ற நீதிபதி தாமஸ் கூலி 1871-ஆம் ஆண்டு எழுதினார். வென்றது டில்லனின் கருத்துதான். பென்சில்வேனியாவில் அலெகெனி என்ற நகரை அண்டை நகரான பிட்ஸ்பர்க்குடன் இணைக்க நடந்த வாக்கெடுப்பில், இரு நகர வாக்குகளும் சேர்த்தே எண்ணப்பட்டன. அலெகெனி மக்களின் எதிர்ப்பு பெரிய நகரின் வாக்குகளில் கரைந்துபோனது. அவர்கள் தொடுத்த வழக்கில், நகரங்களை விரிக்கவும் சுருக்கவும் இணைக்கவும் கலைக்கவும் மாநிலத்துக்கு முழு அதிகாரம் உண்டு என 1907-ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அலெகெனி வரைபடத்திலிருந்து மறைந்தது.

இந்தியாவில் 1993-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த 73, 74-ஆவது அரசமைப்புத் திருத்தங்கள் உள்ளாட்சி அமைப்புகளுக்குச் சாசனத்திலேயே இடமளித்தன. கலைக்கப்பட்ட நகராட்சிக்கு ஆறு மாதங்களுக்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்ற விதியும் அவற்றில் உண்டு. நடைமுறையில் அந்த விதி எந்த அளவுக்குப் பின்பற்றப்படுகிறது என்பது வேறு விவாதம். அமெரிக்க நகரங்களுக்கு அத்தகைய எழுத்துப் பூர்வமான காப்பு தேசிய அளவில் இல்லை. சில மாநிலங்கள் தங்கள் சொந்த சாசனத்தில் நகரங்களுக்குத் தன்னாட்சி வழங்கியுள்ளன. இதில் முன்னோடி மிசூரி. 1875-ஆம் ஆண்டே அம்மாநில சாசனம் செயின்ட் லூயிஸ் நகரம் தனக்கான சாசனத்தைத் தானே எழுதிக்கொள்ள வழிசெய்தது.

அதே செயின்ட் லூயிஸின் காவல்துறை, உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861-ஆம் ஆண்டு முதல் மாநில அரசின் கட்டுப்பாட்டில் இருந்தது என்பது முரண். 2012-ஆம் ஆண்டு மாநிலம் தழுவிய வாக்கெடுப்புக்குப் பிறகே அது நகரிடம் ஒப்படைக்கப்பட்டது. 2025-ஆம் ஆண்டு மார்ச் மாதம் இயற்றப்பட்ட புதிய சட்டம் அதை மீண்டும் மாநிலம் நியமிக்கும் வாரியத்தின் கீழ் கொண்டுவந்துவிட்டது.

ஃப்ளின்ட்: மன்றம் இருந்தது, அதிகாரம் இல்லை

இந்த அதிகாரப் போட்டி வெறும் சட்ட நுணுக்கமன்று என்பதை உலகம் அறிந்துகொண்டது மிச்சிகன் மாநிலத்தின் ஃப்ளின்ட் நகரில்.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் பிறந்த ஊர் ஃப்ளின்ட். 1960-ஆம் ஆண்டு வாக்கில் கிட்டத்தட்ட 2 லட்சம் பேர் வாழ்ந்த அந்நகரில், ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபின் மக்கள்தொகை ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கியது. குடியிருப்போர் குறைந்தாலும் குழாய்களும் சாலைகளும் ஓய்வூதியக் கடமைகளும் குறைவதில்லை. நகரின் கணக்கில் பற்றாக்குறை பெருகியது.

நிதி நெருக்கடியில் சிக்கிய நகரங்களுக்கு 'அவசரகால மேலாளர்' ஒருவரை ஆளுநர் நியமிக்கலாம் என்ற சட்டத்தை மிச்சிகன் 2011-ஆம் ஆண்டு வலுப்படுத்தியது. (அமெரிக்காவில் ஆளுநர் என்பவர் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படும் மாநில நிர்வாகத் தலைவர். இந்திய வாசகர்கள் அவரை முதலமைச்சரோடு ஒப்பிட்டுப் புரிந்துகொள்வதே பொருத்தம்.) மேயருக்கும் நகர மன்றத்துக்கும் உள்ள அதிகாரங்கள் அனைத்தும் அந்த மேலாளருக்குச் சென்றுவிடும். ஒப்பந்தங்களை ரத்து செய்யலாம், சொத்துகளை விற்கலாம். 2011-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஃப்ளின்ட் இந்த ஏற்பாட்டின் கீழ் வந்தது.

2012-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் நடந்த பொது வாக்கெடுப்பில் மிச்சிகன் மக்கள் இந்தச் சட்டத்தை நிராகரித்தனர். ஆனால் அடுத்த மாதமே, சற்றே மாற்றப்பட்ட புதிய சட்டத்தைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. அதில் ஒரு நிதி ஒதுக்கீட்டுப் பிரிவும் சேர்க்கப்பட்டிருந்தது. நிதி ஒதுக்கும் சட்டங்களைப் பொது வாக்கெடுப்புக்கு உட்படுத்த முடியாது என்பது அம்மாநில சாசனத்தின் விதி. மக்கள் ஒருமுறை நிராகரித்ததை மறுமுறை நிராகரிக்கும் வழி இவ்வாறு அடைக்கப்பட்டது. 2013-ஆம் ஆண்டு டெட்ராய்ட்டும் மேலாளரின் கீழ் வந்தபோது, மாநிலத்தின் கறுப்பின மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர், தாங்கள் தேர்ந்தெடுத்த உள்ளூர் நிர்வாகம் அதிகாரமிழந்த நகரங்களில் வாழ்ந்துவந்தனர்.

ஃப்ளின்ட் நகரம் அதுவரை டெட்ராய்ட் குடிநீர் அமைப்பிடமிருந்து சுத்திகரித்த நீரை வாங்கிவந்தது. புதிய குழாய்த் திட்டம் ஒன்று முடியும்வரை, செலவைக் குறைக்க உள்ளூர் ஃப்ளின்ட் ஆற்று நீரைப் பயன்படுத்துவது என்ற முடிவின்படி, 2014-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் தேதி மாற்றம் நடந்தது. குழாய்களின் உட்புறத்தில் பாதுகாப்புப் படலத்தை உருவாக்கும் அரிப்புத் தடுப்பு வேதிப்பொருள் டெட்ராய்ட் நீரில் கலக்கப்பட்டிருந்தது. ஆற்று நீரில் அது சேர்க்கப்படவில்லை. அரிக்கும் தன்மை மிகுந்த அந்த நீர் பழைய ஈயக் குழாய்களிலிருந்து ஈயத்தைக் கரைத்து வீடுகளுக்குள் கொண்டுவந்தது.

நீரின் நிறமும் மணமும் மாறியதாக மக்கள் உடனடியாகப் புகார் கூறினர். அதே ஆண்டு அக்டோபர் மாதம், எந்திர பாகங்களை அரிக்கிறது எனக் கூறி ஜெனரல் மோட்டார்ஸ் தனது எஞ்சின் ஆலையில் அந்த நீரைப் பயன்படுத்துவதை நிறுத்திக்கொண்டது. உலோகத்துக்கு ஆகாத நீரைக் குழந்தைகள் மேலும் ஓராண்டு குடித்தனர்.

2015-ஆம் ஆண்டு மார்ச் மாதம் மீண்டும் டெட்ராய்ட் நீருக்கே திரும்ப வேண்டும் என நகர மன்றம் 7-க்கு 1 என்ற வாக்கு விகிதத்தில் தீர்மானம் நிறைவேற்றியது. சட்டப்படி அந்தத் தீர்மானத்துக்கு எந்த மதிப்பும் இல்லை. செலவு அதிகம் எனக் கூறி அவசரகால மேலாளர் அதை ஏற்க மறுத்தார். உள்ளாட்சி அதிகாரம் குறித்த விவாதங்களில் ஃப்ளின்ட் பெயர் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவதற்கு இந்த ஒரு நாளே முதன்மைக் காரணம். பாதிக்கப்பட்டோர் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர்கள் சரியான முடிவை எடுத்தனர்; அதை நிறைவேற்றும் அதிகாரமோ அவர்களிடம் இல்லை.

வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகப் பொறியியல் பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸின் குழு வீட்டுக் குழாய் நீரில் ஈயம் மிகுந்திருப்பதைக் கண்டறிந்தது. உள்ளூர் குழந்தை நல மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா 2015-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் வெளியிட்ட ஆய்வு, இரத்தத்தில் ஈயம் மிகுந்த குழந்தைகளின் விகிதம் ஏறத்தாழ இரு மடங்காக உயர்ந்ததைக் காட்டியது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்; அதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. தொடக்கத்தில் மறுத்த மாநில அரசு அக்டோபர் மாதம் இறங்கிவந்தது. அம்மாதம் 16-ஆம் தேதி நகரம் டெட்ராய்ட் நீருக்குத் திரும்பியது. இதே காலகட்டத்தில் பரவிய லீஜனேர்ஸ் என்ற நுரையீரல் நோய்க்குக் குறைந்தது 12 பேர் பலியாகினர்.

ஆளுநர் ரிக் ஸ்னைடர் நியமித்த விசாரணைக் குழுவே, முதன்மைப் பொறுப்பு மாநில அரசின் சுற்றுச்சூழல் துறைக்கு உரியது என 2016-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அறிக்கை அளித்தது. மக்கள் தொடுத்த வழக்கில் சுமார் 62.6 கோடி டாலர் இழப்பீட்டு உடன்பாட்டுக்கு 2021-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் நீதிமன்றம் ஒப்புதல் அளித்தது. அதில் 60 கோடி டாலர் மாநில அரசின் பங்கு. குற்ற வழக்குகள் அந்த அளவுக்குச் செல்லவில்லை. குற்றச்சாட்டுப் பதிவு செய்யப்பட்ட முறை தவறு என மாநில உச்ச நீதிமன்றம் 2022-ஆம் ஆண்டு தீர்ப்பளித்ததை அடுத்து, முன்னாள் ஆளுநர் உள்ளிட்டோர் மீதான வழக்குகள் கைவிடப்பட்டன. ஏறத்தாழ 11,000 ஈயக் குழாய்களை மாற்றும் பணி முடிவடைந்ததாக 2025-ஆம் ஆண்டு ஜூலை மாதம் நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது.

மாநிலத் தலையீடு எப்போதும் இப்படித்தான் முடியும் எனக் கூறிவிட இயலாது. இதே மிச்சிகனில், சுமார் 1,800 கோடி டாலர் கடனுடன் 2013-ஆம் ஆண்டு ஜூலை மாதம் திவால் மனு தாக்கல் செய்த டெட்ராய்ட், அவசரகால மேலாளரின் கீழ்தான் கடன் சுமையைக் குறைத்து அடுத்த ஆண்டு டிசம்பர் மாதம் மீண்டது. ஓய்வூதியர்கள் இழப்பைச் சந்தித்தனர் என்றாலும், நகரின் தெருவிளக்குகள் மீண்டும் எரிந்தன. மறுபுறம், மிசிசிப்பி மாநிலத் தலைநகர் ஜாக்சனில் 2022-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத இறுதியில் குடிநீர் நிலையம் செயலிழந்து ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் தவித்தபோது, நகரம் பராமரிக்கவில்லை என மாநிலமும், மாநிலம் நிதி தரவில்லை என நகரமும் குற்றஞ்சாட்டின. இறுதியில் கூட்டாட்சி நீதிமன்றம் தானே ஒரு நிர்வாகியை நியமித்து நீர் வழங்கலை அவரிடம் ஒப்படைத்தது.

பத்து நிமிட ஓய்வு

டெக்சாஸ் மாநிலத்தின் டென்டன் நகரம் எரிவாயு வளம் மிகுந்த பாறைப் படிவத்தின் மேல் அமைந்தது. பாறைகளை நீரழுத்தத்தால் பிளந்து எரிவாயு எடுக்கும் முறையை நகர எல்லைக்குள் தடை செய்ய, 2014-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அந்நகர மக்கள் வாக்களித்தனர். 2015-ஆம் ஆண்டு மே மாதம், அத்தகைய தடைகளை விதிக்கும் அதிகாரத்தை நகரங்களிடமிருந்து மாநிலம் பறித்தது. அடுத்த மாதமே நகர மன்றம் தடையை விலக்கிக்கொண்டது.

ஒவ்வொரு விவகாரத்துக்கும் தனிச் சட்டம் இயற்றுவதை விட, ஒரே சட்டத்தில் முடித்துவிட 2023-ஆம் ஆண்டு டெக்சாஸ் முற்பட்டது. தொழிலாளர், விவசாயம், நிதி, சொத்து உள்ளிட்ட துறைகளில் மாநிலச் சட்டம் தொட்ட இடத்தை நகரச் சட்டம் தொடக்கூடாது என்பதே அதன் சாரம். 'ஸ்டார் வார்ஸ்' திரைப்படங்களில் கோள்களையே அழிக்கும் ஆயுதமான 'டெத் ஸ்டார்' என்ற பெயரை எதிர்ப்பாளர்கள் அதற்குச் சூட்டினர். கட்டுமானத் தொழிலாளர்களுக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிட ஓய்வு வழங்க ஆஸ்டினும் டாலஸும் முன்பே விதி வகுத்திருந்தன. கடும் வெயில் நிலவிய அந்தக் கோடையில், பறிபோகும் நிலையில் இருந்த அந்தப் பத்து நிமிடமே போராட்டத்தின் அடையாளமாயிற்று.

ஊருக்கு ஊர் விதி மாறினால் சிறு தொழில் செய்வோர் எப்படிச் சமாளிப்பர் என்பது சட்டத்தை ஆதரிப்போரின் வாதம். அதைப் புறந்தள்ளிவிட முடியாது. சட்டம் மாநில சாசனத்துக்கு முரணானது என 2023-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் விசாரணை நீதிமன்றம் கூறியது. 2025-ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்தது. புளோரிடாவோ, வெப்பப் பாதுகாப்பு விதிகளை உள்ளாட்சிகள் வகுக்கவே கூடாது என 2024-ஆம் ஆண்டு நேரடியாகச் சட்டம் இயற்றிவிட்டது.

கட்சி மாறினால் வாதமும் மாறும்

இதுவரை கூறியவற்றில் மாநிலம் குடியரசுக் கட்சியிடமும் நகரம் பெரும்பாலும் ஜனநாயகக் கட்சியிடமும் இருப்பதைக் காணலாம். ஆனால் இந்த ஆயுதம் ஒரு கட்சிக்கு மட்டும் சொந்தமன்று.

வாடகையும் வீட்டு விலையும் தாங்க முடியாத உயரத்துக்குச் சென்ற கலிபோர்னியாவில், சிக்கலுக்குக் காரணம் நகரங்களே என்கிறது ஜனநாயகக் கட்சியின் மாநில அரசு. ஒரு மனையில் ஒரு குடும்பத்துக்கான ஒரு வீடு மட்டுமே கட்டலாம் என்ற நிலப் பயன்பாட்டு விதி பல நகரங்களில் நெடுங்காலமாக நிலவிவந்தது. இத்தகைய மண்டல விதிகளுக்கு 1926-ஆம் ஆண்டே உச்ச நீதிமன்றம் அனுமதி அளித்திருந்தது. ஏற்கெனவே வீடு வைத்திருப்போர் நகர மன்றக் கூட்டங்களுக்கு வந்து புதிய அடுக்குமாடிகளை எதிர்ப்பர். இன்னும் குடிவராதவருக்கு அந்தக் கூட்டத்தில் நாற்காலி இல்லை. ஒரேகான் 2019-ஆம் ஆண்டும், கலிபோர்னியா 2021-ஆம் ஆண்டும் அந்த விதியைப் பெருமளவு தளர்த்தின. ரயில், பேருந்து நிலையங்களை ஒட்டிப் பல மாடிக் குடியிருப்புகளை அனுமதிக்கும் கலிபோர்னியச் சட்டம் 2025-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் கையொப்பமானது. அதை எதிர்த்தவற்றுள் லாஸ் ஏஞ்சலீஸ் நகர மன்றமும் ஒன்று. குடியரசுக் கட்சி ஆளும் மொன்டானாவும் 2023-ஆம் ஆண்டு இதே வழியில் சென்றது குறிப்பிடத்தக்கது.

குடியேற்ற விவகாரத்தில் இந்த இருமுகம் இன்னும் தெளிவு. 2017-ஆம் ஆண்டு ஒரே ஆண்டில், கூட்டாட்சி குடியேற்ற அதிகாரிகளுடன் உள்ளூர்க் காவலர்கள் ஒத்துழைத்தே தீர வேண்டும் எனச் சட்டமியற்றியது டெக்சாஸ். ஒத்துழைப்பைக் கடுமையாகக் கட்டுப்படுத்திச் சட்டமியற்றியது கலிபோர்னியா. இரண்டு மாநிலங்களிலும் உள்ளூர் அதிகாரிகளின் விருப்புரிமையே பறிபோனது.

பணம் எங்கிருந்து வரும்?

அதிகாரத்தை விடவும் பல நகரங்களை வாட்டுவது நிதி. உள்ளாட்சிகளின் வரி வருவாயில் பெரும்பகுதி சொத்து வரியிலிருந்து வருகிறது. அதற்கும் மாநிலமே உச்சவரம்பு விதிக்கிறது. கலிபோர்னியாவில் 1978-ஆம் ஆண்டு மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய 13-ஆவது முன்மொழிவு, சொத்து வரியை மதிப்பில் 1 சதவீதமாகவும், மதிப்பின் ஆண்டு உயர்வை அதிகபட்சம் 2 சதவீதமாகவும் கட்டுப்படுத்தியது. வீடு கைமாறும்போதுதான் சந்தை மதிப்பு கணக்கில் கொள்ளப்படும். ஒரே தெருவில், ஒரே அளவிலான இரு வீடுகளுக்குப் பல மடங்கு வேறுபட்ட வரி வருவது இதன் விளைவு. முதியோரை வீட்டிலிருந்து வெளியேறாமல் காத்தது என்று அதைப் போற்றுவோரும், இளம் தலைமுறையின் தலையில் சுமையை ஏற்றியது என்று சாடுவோரும் அங்கு உள்ளனர்.

கூட்டாட்சி அரசைப் போல் மாநிலங்கள் கடன் வாங்கி அன்றாடச் செலவு செய்ய முடியாது. ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் வரவுக்குள் செலவை அடக்கும் நிதிநிலை அறிக்கை கட்டாயம். கொரோனா காலத்தில் 2021-ஆம் ஆண்டு சட்டத்தின் மூலம் மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் கிடைத்த 35,000 கோடி டாலர், பல இடங்களில் இந்தப் பள்ளத்தைத் தற்காலிகமாக மூடியது. அந்த நிதியை 2026-ஆம் ஆண்டு இறுதிக்குள் செலவிட்டு முடிக்க வேண்டும்.

இதற்கிடையே, 2025-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் தேதி அதிபர் டொனால்ட் டிரம்ப் கையொப்பமிட்ட சட்டம், ஏழைகளுக்கான மருத்துவ உதவித் திட்டமான மெடிகெய்டுக்குக் கூட்டாட்சி அரசு தரும் நிதியைக் குறைத்ததோடு, 'ஸ்னாப்' எனப்படும் உணவு உதவித் திட்டத்தின் சுமையையும் கீழே இறக்கியது. அத்திட்டத்தின் நிர்வாகச் செலவைக் கூட்டாட்சியும் மாநிலங்களும் இதுவரை சரிபாதியாக ஏற்றுவந்தன. 2026-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் தொடங்கும் நிதியாண்டு முதல் மாநிலங்களின் பங்கு 75 சதவீதமாகிறது. அதற்கடுத்த நிதியாண்டு முதல், தவறான கணக்கீடு மிகுந்த மாநிலங்கள் உதவித்தொகையிலேயே ஒரு பகுதியை ஏற்க வேண்டும். கலிபோர்னியா, நியூயார்க், ஒஹாயோ உள்ளிட்ட பத்து மாநிலங்களில் இத்திட்டத்துக்கான விண்ணப்பங்களைப் பரிசீலிப்பது மாநில அலுவலகங்கள் அல்ல, கவுண்டி நிர்வாகங்களே.